மல்லிகை மீது பழி

மணி காட்டும் பொறி இல்லாத காலம். கார்மேகம் வானை மூடிக் கிடக்கிறது. பகலவன் இருக்கின்றானா, மேற்கே மறைந்துவிட்டானா, அறிய வழியில்லை. பாண்டியன் தலைநகரத்து மங்கையர் என்ன செய்தனர்? பறித்து வந்து தட்டிலே இட்டு வைத்திருந்த பிச்சி அரும்புகளை நோக்கினர். அரும்பு நெகிழ்ந்தது, மணம் எழுந்தது, மாலை வந்துவிட்டதென்று தெளிந்தனர், விளக்கேற்றினர். நக்கீரர் நெடுநல்வாடையிலே தீட்டிக் காட்டும் காட்சி இது.

இரவை எதிர்நோக்கி மலரும் பூ, அன்றைய தமிழ்ப் பெண்ணுக்குக் காலம் கூறும் தோழி. இன்றோ? அதே பூவைச் சூடிக்கொண்டு, விளக்கு வைத்த பிறகு வாசற்படி தாண்டினால், மோகினி தொடருவாள், முனி அடிப்பான், பாம்பு பின்னாலேயே வரும் என்று அச்சுறுத்துகிறார்கள். ஈராயிரம் ஆண்டு நடந்து நாம் வந்து சேர்ந்த இடம் இதுதானா?

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையிலே ஆசிரியப் பணி ஏற்று நாம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செம்மண் பூமி. கடலைக் கொல்லை, முந்திரித் தோப்பு, தைலமரக் காடு. பகலிலே பார்க்க வருவோர், "இங்கே என்ன அழகு இருக்கிறது?" என்றுதான் கேட்பர். அவர்களை இரவிலே அழைத்துவர வேண்டும். கோடை மின்சாரம் நின்றுபோன ஓர் இரவிலே, திண்ணையில் அமர்ந்து பார்க்கட்டும். முதலில் வேலியோரத்து முல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கே வந்துவிடும். பிறகு கொல்லையிலிருந்து குண்டுமல்லி. அது வரும்போது காற்றே கனத்துவிடும். நள்ளிரவு நெருங்குகையில் பவளமல்லி. மரத்திலே பூத்திருப்பதைக் கண்ணால் காண்பவர் குறைவு, விடிந்து எழுந்தால் மண்ணிலே விரித்த கம்பளமாகத்தான் காண்கிறோம். குளத்திலே ஆம்பல், தாமரை உறங்கும் நேரம் பார்த்து விழித்திருக்கும். குப்பைமேட்டிலே, எவரும் நீர் ஊற்றாத, எவரும் நலம் விசாரிக்காத ஊமத்தை, ஊதுகுழல் போன்ற தன் வெள்ளைப் பூவை நிலவுக்கு நேரே விரித்து நிற்கும். அழகு அங்கேதான் மிகுதி என்று சொன்னால் கோபிக்காதீர்கள். நமக்கு அப்படித்தான் பட்டது.

யாருக்காக இந்த ஏற்பாடு? ஆண்டவன் பூசைக்காக என்பர் ஒரு சாரார். மனிதன் மகிழ்ச்சிக்காக என்பர் மற்றொரு சாரார். பூவைக் கேட்டால், இருவருமே இல்லை என்று கூறும். அந்துப்பூச்சிக்காகத்தான் அத்தனையும்! இரவிலே தேனீ உறங்குகிறது, வண்ணத்துப்பூச்சி உறங்குகிறது. விழித்துத் திரிவது அந்துப்பூச்சி. இருட்டிலே சிவப்பும் நீலமும் தெரிவதில்லை, ஆகவே வெண்மை. கண்ணுக்கு எட்டாத தொலைவிலிருந்து அழைக்க வேண்டும், ஆகவே மணம். பகலிலே மணத்தை வீணாக்குவானேன், ஆகவே மாலைக்குமேல். மகரந்தம் ஒரு பூவிலிருந்து மறு பூவுக்குச் சென்று சேர வேண்டும் என்ற ஒரே நோக்கிலே, பன்னெடுங்காலம் தேய்ந்து திருந்தி அமைந்த வாழ்க்கை முறை இது. 1862-இல் டார்வினுக்கு மடகாஸ்கர் தீவின் வெள்ளை ஆர்க்கிட் மலர் ஒன்று வந்தது. தேன் இருந்த குழாய் ஏறத்தாழ ஓரடி நீளம். "இவ்வளவு நீண்ட நாவுடைய அந்துப்பூச்சி ஒன்று அத்தீவிலே இருந்தாக வேண்டும்" என்றார் அவர். நகைத்தவர்கள் உண்டு. அவர் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேல் சென்று, 1903-இல், அத்தகைய பூச்சியை அறிவியலாளர் அறிவித்தனர். கண்ணால் காணாததை உண்டென்று கூறினார் அவரும். மோகினியை உண்டென்று கூறுகிறார் நம் ஊர்ப் பெரியவரும். ஆனால் முன்னவர் அளந்து பார்த்துச் சொன்னார். இந்த வேறுபாட்டை வகுப்பிலே விளக்குவதற்கு நமக்கு ஒரு முழு மணி நேரம் பிடித்தது.

இடையே ஒரு செய்தி. மல்லிகை மணத்தைப் பகுத்துப் பார்த்த வேதியியலார், அதிலே இந்தோல் என்ற பொருளும் இருக்கக் கண்டனர். மலத்தின் நாற்றத்திலும் அஃது உண்டு. அளவு குறைந்தால் மணம், மிகுந்தால் நாற்றம்! தெய்வீக மணம் என்று உருகுவோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகம் போகும் போக்கைக் காணலாம்.

அச்சம் மட்டுமா? மறுபுறம் பக்தியும் உண்டு. ஆண்டுக்குச் சில இரவுகளே மலரும் நிஷாகந்திக்குப் 'பிரம்ம கமலம்' என்று பெயரிட்டு, நகரத்து வீடுகளிலே நள்ளிரவில் கற்பூரம் கொளுத்துகிறார்கள். அதுவோ மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தோன்றிய கள்ளி இனத்துச் செடி. பிரம்ம கமலம் என்ற பெயருக்குரியது இமயத்து உச்சியிலே வேறொரு செடி. உத்தரகண்ட் மாநிலத்தின் மலர் அது. அடுத்து ஏழிலைப்பாலை. மழைக்காலத்து இரவுகளிலே அதன் மணம் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். ஆகவே பேய் மரம் என்று பல ஊர்களிலே பழிக்கப்பட்டது. அதற்கு அறிவியலார் இட்ட பெயரின் பிற்பாதி 'ஸ்காலரிஸ்'. பள்ளியைச் சேர்ந்தது என்று பொருள். காரணம், அதன் பலகையிலே பிள்ளைகள் எழுதிப் பழகினார்கள்! பேய் குடியிருக்கும் மரத்திலேதான் நம் முன்னோர் அகரம் எழுதியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நகைத்துவிட்டுப் போய்விடலாம். போக முடியாதபடி ஒரு செய்தி நம்மைத் தடுத்து நிறுத்தியது. அதற்காகவே எழுதுகோலை எடுத்தோம்.

நம் வகுப்பிலே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. காலை முதல் பாட வேளையிலே கண்ணயர்ந்துவிடுவாள். முதலில் கண்டித்தோம், பின்னர் விசாரித்தோம். விடியற்காலை மூன்று மணிக்குத் தாயுடன் பூப்பறிக்கப் போகிறாள். அரும்பாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. பறித்தது கீரமங்கலத்துப் பூச்சந்தைக்குப் போகும், அங்கிருந்து வெளியூர்களுக்கு. கொல்லை உடையவர் கூலி கொடுப்பார். எஞ்சியதைத் தாய் வாழைநாரிலே கட்டி முழம் போட்டு விற்பார். அதிலே ஒரு துண்டு நாள்தோறும் நமக்கு வரும். மகள்தான் கொண்டுவருவாள், நாமும் மகிழ்ந்து சூடினோம். ஒருநாள் அவள் வீட்டுக்குச் சென்றோம். கூடை நிறையப் பூ. கட்டிக்கொண்டிருந்த தாயின் தலையிலே ஒரு பூவும் இல்லை. "நீங்களும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாமே" என்றோம். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "எனக்கு எதுக்குங்க டீச்சர்? கட்டுற கையிலே மணம் ஒட்டிக்கிடுதுல்ல, அது போதும்" என்றார்.

கணவன் இறந்து ஏழு ஆண்டுகள். கைம்பெண் பூச்சூடக் கூடாது என்ற கொடுமையை நாடறியும். ஆனால் இவர் மீது சுமத்தப்பட்டது அதனினும் பெரிது.

கணவர் கொல்லைக்கு நீர் பாய்ச்சச் சென்றார். பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் இரவு முறையிலே வந்த நேரம். வரப்போரத்திலே சாக்கை விரித்துச் சற்றே படுத்தார். நள்ளிரவுக்குமேல் வீடு திரும்பி, வயிறு வலிக்கிறது என்றார். செரிக்கவில்லை போலும் என்று சுக்கு நீர் கொடுத்தார்கள். விடியும் வேளையிலே இமைகள் தொங்கின, நா குழறியது. அப்போதுதான் எவரோ, "பாம்பாக இருக்குமோ?" என்றார். கடிவாய் தேடினார்கள், தெரியவில்லை, வீக்கமும் இல்லை. மந்திரிப்பவரிடம் தூக்கிச் சென்றார்கள். வேப்பிலை அடித்து, வேர் கட்டி, விபூதி போட்டு முடிவதற்குள் மூச்சு திணறியது. மருத்துவமனை செல்லும் வழியிலே முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த கூட்டம், காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அன்று மாலை அந்தப் பெண் தலை நிறைய மல்லிகை சூடியிருந்தாளாம். அந்த மணம் கணவன் துண்டிலே ஒட்டிக்கொண்டதாம். மணத்தைத் தேடிப் பாம்பு வந்ததாம்! "மணம் பூசி அனுப்பி என் பிள்ளையைக் கொன்றுவிட்டாளே" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். பதினாறாம் நாள் பூவையும் பொட்டையும் பறித்தபோது, அது சடங்காக இல்லை, தண்டனையாகவே நடந்தது. அந்தப் பழியைச் சுமந்துகொண்டு, அந்தப் பூவையே பறித்து, அந்தப் பூவையே கட்டி, அந்த மாமியாருக்கும் மகளுக்கும் சோறு போட்டு வருகிறார், அவர். வேறு பிழைப்பு ஊரிலே இல்லை.

கலைக் கல்லூரியிலே தமிழ் பயின்ற நமக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும்? அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். பாம்பு மணத்தை அறிவது பெரிதும் நாவினாலே. நாவை நீட்டிக் காற்றிலுள்ள துகளை எடுத்து, மேல்வாயிலுள்ள உறுப்பிலே சேர்த்து அறியும். அது தேடுவது இரையை. எலி, தவளை, பல்லி, ஓணான். மல்லிகை தின்னும் பாம்பு உலகத்திலே இல்லை. அடர்ந்த புதர், ஈரம், எலி வளை இருக்குமிடத்துக்குப் பாம்பு வரும். கொல்லையிலே இவை மூன்றும் உண்டு. மணக்காத கடலைக் கொல்லைக்கும் அது வரத்தான் செய்கிறது. அந்த மனிதரைத் தீண்டியது கட்டுவிரியனாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அடையாளங்களே கூறுகின்றன. இரவிலே திரிவது அது. வேறு பாம்புகளையும் விழுங்குவது. தரையிலே உறங்குவோரைக் கடிப்பது. கடித்தால் வலி தெரியாது, வீங்காது. வயிற்றுவலி முன்னே வரும், இமை தொங்கும், பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நச்சுமுறி மருந்தும், தேவைப்பட்டால் மூச்சுக் கருவியும் கிடைத்தால் பிழைக்க வைக்கலாம்.

அந்த மருந்து தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலே, இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சையும் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்களே. அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் குருதியிலிருந்து முறிமருந்து எடுக்கிறார்கள். ஊர் எல்லையிலே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் கைத்திறன் உயிரைக் காக்கிறது. ஊர் நடுவிலே மதிப்போடு வாழும் மந்திரம் உயிரைப் போக்குகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவிலே பாம்புக்கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு 58,000 உயிர்கள். பெரும்பாலும் சிற்றூர் மக்கள். இத்தனை வீடுகளிலும் எந்தப் பூவின் மீது பழி போட்டார்களோ! 2024-இல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல செயல். இனிமேலாவது கணக்கு மருத்துவமனை ஏட்டிலே ஏறும். மருமகளின் தலையிலே ஏறாது என்று நம்புகிறோம்.

இரவுப் பூக்களிலே ஆபத்தே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. இருக்கிறது. ஊமத்தையைப் பாருங்கள். சிவனுக்கு உகந்தது என்று கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். முள்ளுக் காயைப் பிள்ளைகள் பந்தென்று உருட்டி விளையாடுகிறார்கள். அதன் வேர், இலை, பூ, விதை அத்தனையும் நஞ்சு. விதை மிளகாய் விதையைப் போலிருக்கும். உண்டவனுக்கு வாய் உலரும், உடல் அனலாகும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும். பின்னர் இல்லாததைப் பார்ப்பான், இல்லாதவரோடு பேசுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வழிப்போக்கருக்குச் சோற்றிலே இதைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த கூட்டங்கள் இந்தியாவெங்கும் இருந்தன. அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனிலே, 1676-இல், கலகத்தை அடக்கச் சென்ற ஆங்கிலச் சிப்பாய்கள் இதன் இனத்துச் செடியைக் கீரை என்று சமைத்துத் தின்று, பதினொரு நாள் பித்தராகத் திரிந்தனர் என்று பழைய வரலாற்று நூலொன்று கூறுகிறது. அவர்களாவது பிழைத்தார்கள். நம் ஊரிலே ஒரு பிள்ளை தெரியாமல் ஊமத்தங்காயைத் தின்று பிதற்றினால் என்ன நடக்கும்? காற்று சேட்டை என்பார்கள்; கோடாங்கி வருவார்; உடுக்கை ஒலிக்கும். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பழைய கதைகளிலே எத்தனை கதைகளுக்கு அடியில் ஓர் ஊமத்தை விதை கிடக்கிறதோ!

மல்லிகையிலும் ஆபத்து உண்டு; அது பூ கொண்டுவந்ததன்று, நாம் கொண்டுபோய் வைத்தது. மொட்டுப்புழுவைக் கொல்ல மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை நெடுங்காலம் தெளித்து வந்தார்கள். அவ்வகையிலே வேறு பல இன்றும் கடைகளிலே இருக்கின்றன. தெளித்த ஈரம் காயுமுன் பறிக்கும் கை, அந்தக் கையாலே உண்ணும் வாய், அந்தச் செடியிடையே செருப்பின்றி நடக்கும் கால். மயக்கம், வாந்தி, வாயிலே நீர் ஒழுகல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல். இங்கேதான் ஒரு வியப்பு. இந்த நஞ்சு ஏறியவரை மருத்துவமனையிலே காப்பாற்றப் போடும் ஊசி அட்ரோபின். அஃது ஊமத்தை நஞ்சின் இனத்தைச் சேர்ந்தது! ஒன்று கண்மணியைச் சுருக்குகிறது; மற்றது விரிக்கிறது. ஒன்று வாயை நனைக்கிறது, மற்றது உலர்த்துகிறது. குப்பைமேட்டுப் பூவின் நஞ்சு, கொல்லைப் பூவின் மேல் மனிதன் தெளித்த நஞ்சை முறிக்கிறது. அளவறிந்து, மருத்துவர் கையால் கொடுத்தால் மருந்து. நாட்டு வைத்தியம் என்று இலையைக் கசக்கிப் பிழிந்தால் மரணம். இதை வகுப்பிலே சொன்னபோது, முதல் வரிசையில் இருந்த அந்தப் பெண் தூங்கவில்லை.

பழந்தமிழர் வாழ்விலே குறையே இல்லை, எல்லாம் இடையிலே வந்த கேடு என்று பேசுவோர் நம்மவரிலே உண்டு. நாமும் அவ்வாறே பேசி மகிழ விரும்புவோம். ஆனால் புறநானூற்றிலே, கணவனை இழந்த ஒருத்தி வெள்ளாம்பலை எண்ணி இரங்குகிறாள். இளமையிலே தழையாடையாக இடையை அழகு செய்தது அது. இன்று நேரம் தவறி உண்ணும் கைம்மை உணவாக அதன் அரிசியே வாய்க்கிறது. இரவிலே மலரும் அதே ஆம்பல்! பிச்சி மலர்ந்ததும் விளக்கேற்றிய பெண்ணும் நம் மரபுதான். ஆம்பல் அரிசி உண்ட பெண்ணும் நம் மரபுதான். முன்னவளை மட்டும் மேடையிலே காட்டிப் பின்னவளை மறைத்தால், நம் மாணவியின் தாய்க்கு நாம் என்ன விடை கூறுவோம்?

அந்த வீட்டுக்கு நாம் பல முறை சென்றோம். கட்டுவிரியனைப் பற்றி அப்பாயியிடம் விளக்கியவள் பேத்தியே. வயிற்றுவலி, இமை தொங்கல், வீக்கமின்மை என்று அவள் ஒவ்வொன்றாகக் கூறக் கூற, கிழவி தன் மகனின் கடைசி இரவை மீண்டும் ஒருமுறை பார்த்தார் போலும். "அப்ப பூவு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். மருமகளிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதாகத் தெரியவில்லை. ஏழாண்டுப் பழி ஒரு மாலையில் இறங்கிவிடுமா? முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணி இரண்டு இணையும், நெற்றியிலே மாட்டும் விளக்கு இரண்டும் வாங்கப்பட்டன. கையாலே துழாவாமல் கோலால் தட்டிவிட்டுச் செடியிலே கை வைப்பது, கடித்தால் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ஐ அழைப்பது, இவற்றை மகள் தாளிலே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். மற்றப் பெண்கள் சிலரும் வந்து பார்த்துப் போகிறார்கள். காலணி விலைக்குக் கொல்லைக்காரர் பங்கு தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், இன்னும் தரவில்லை.

தாய் காலணி அணிய ஒப்பினார். பூ அணிய ஒப்பவில்லை. நாம் வற்புறுத்தவுமில்லை. மகள்தான், விளக்கு வைத்த பிறகு, அப்பாயி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முழம் மல்லிகையைச் சூடிக்கொண்டு தெருக்கோடிக் கடை வரை சென்று வருகிறாள். எப்போது திரும்புகிறாள் என்று கிழவி எட்டி எட்டிப் பார்ப்பாராம். இதுவரை பின்தொடர்ந்து வந்தது ஒரு நாய்க்குட்டிதான் என்கிறாள்.